வீட்டில் ஆள் இல்லை

கதவைத் தட்டாமல் பத்து நிமிஷமாக வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார் நெவில். எஞ்சினை அணைத்துவிட்டதால் கண்ணாடி உள்பக்கம் வேர்த்துப்போய், எதிரே கார்டர் தெரு முப்பத்தொன்றாம் நம்பர் வீடு மங்கலாகத் தெரிந்தது. தோளோடு தோள் ஒட்டிக் கட்டின கல்வீடுகள். எல்லாக் கதவும் நேராக நடைபாதையில்தான் திறக்கும். முந்தின நாள் விழுந்த பனி நடைபாதை ஓரத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது.

வட இங்கிலாந்தில் பர்ன்லி ஊரில் முப்பது வருஷமாக அவருக்குக் கேஸ் லைன் பார்க்கிற வேலை. வாடகைக்கு விட்ட வீடு என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டைச் சூடாக்குகிற பாய்லர், அடுப்பு, கணப்பு எல்லாவற்றையும் சோதித்து, ஆபத்தில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு எட்டு வீடு, சில நாள் ஒன்பது வீடு. கண்டவர் வீட்டுச் சமையலறையில் மண்டி போட்டுப் போட்டு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆனால் தான் எழுதிக் கொடுக்கிற தாளால் நாலு பேர் உயிரோடு எழுந்திருக்கிறார்கள் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தப் பெருமையில்தான் காலையில் ஷெல்லி மண்ணைப் போட்டுவிட்டாள். வீடுகளை வாடகைக்கு விட்டுத் தருகிற ஆபீஸில் எல்லாம் அவள்தான். நெவிலுக்கு வாரத்தில் நாலு நாள் வேலை அங்கிருந்துதான் வருகிறது.

"நெவில் கண்ணு, முப்பத்தொண்ணாம் நம்பர் இன்னிக்கே முடிஞ்சாகணும். மத்தியானத்துக்குள்ள பேப்பர் எனக்கு வந்துரணும்," என்றாள் ஃபோனில். எதையோ மென்றுகொண்டே பேசினாள்.

"என்ன திடீர் அக்கறை? நாலு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்காத வீடுதானே அது?"

"அதான் இப்ப கழுத்தப் புடிக்குது. ஓனர் வீட்ட விக்கிறாரு. குடியிருக்கறவங்களக் காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ் அடிச்சு வெச்சுட்டேன். கேஸ் பேப்பர் குடுக்காம நோட்டீஸ் குடுத்தா கோர்ட்ல நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. நீங்க பேப்பர அனுப்புங்க, நான் நோட்டீஸக் குடுத்துடறேன். ரெண்டு மாசத்துல வீடு காலி."

"நோட்டீஸ் வர்றது குடியிருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"கேஸ்காரர் வர்றாருன்னு மட்டும் சொல்லியிருக்கேன். நோட்டீஸ எதுக்கு முன்னாடியே சொல்லி, கதவத் தொறக்காம உக்காந்துக்கறதுக்கா? நல்லா இருக்கே கத." அவள் சிரித்தாள். கெட்டவள் இல்லை. போன வருஷம் நெவில் முட்டி ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது பழக்கூடை அனுப்பினவள்தான்.

வேனுக்குள் நெவில் கையில் ஒரு அட்டை இருந்தது. 'உங்கள் வீட்டுக்கு வந்தோம். வீட்டில் ஆள் இல்லை' என்று அச்சடித்து, தேதிக்கும் நேரத்துக்கும் இடம் விட்ட அட்டை. கதவு திறக்கவில்லை என்றால் அதைக் கதவில் இருக்கிற கடிதத் துளையில் போட்டுவிட்டு இன்னொரு நாள் வர வேண்டும். மூன்று தடவை அப்படி ஆனால் ஆபீஸ் கடிதம் எழுதும், பிறகு இன்னொரு கடிதம் எழுதும். எப்படியும் ஆறு வாரம் ஓடிவிடும். ஜனவரியில் கொடுக்கிற நோட்டீஸ் மார்ச்சில் கொடுத்ததாக ஆகும். இந்தக் குளிராவது அவர்களுக்கு இந்த வீட்டிலேயே கழியும். அதற்குமேல் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

அட்டையில் தேதியை எழுதினார். நேரம் ஒன்பது பத்து. முப்பது வருஷத்தில் பொய் அட்டை எழுதினதில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பூட்ஸ் சத்தம் கேட்காமல் தெருவைக் கடந்தார். தட்டக் கூடாது, துளையில் தள்ளிவிட்டு நடையைக் கட்டிவிட வேண்டும் என்பது திட்டம். குனிந்து துளையின் தகட்டைத் தூக்கினார். கதவு திறந்துகொண்டது.

"உங்களத்தான் கண்ணு எட்டு மணிலருந்து ஜன்னல்லயே நின்னு பாத்துட்டிருக்கேன்!" என்றாள் உள்ளே நின்றவள். குள்ளமான பெண்மணி, ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வீட்டுக்குள்ளேயே உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். "வேன்லயே உக்காந்துட்டிருந்தீங்களே, சரி, ஏதோ எழுத்து வேல இருக்கும்னு விட்டுட்டேன். வாங்க, உள்ள வாங்க. குளிர் உள்ள வருது."

நெவில் அட்டையை மடக்கிப் பைக்குள் திணித்தார்.

அவள் பெயர் ஜானிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கேஸ்காரர் வருகிறார் என்று சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறாள். வாசலிலிருந்து முன்னறைக்குப் போகிற நாலு எட்டுக்குள் இத்தனையும் சொல்லிவிட்டாள். முன்னறையில் கேஸ் கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் அவள் புருஷன் ராய், முழங்காலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். மலை உச்சியில் கல் குவாரியில் இருபத்தாறு வருஷம் கல் அறுத்தவர். அந்தத் தூசி இப்போது அவர் நெஞ்சுக்குள் குடியிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"நாலு வருஷம் முன்னாடி கூப்புட்டது," என்றார் ராய். "இப்ப வந்து சேர்றீங்க. லண்டன்லருந்து நடந்தா வந்தீங்க?"

"வழியில டீக்கடைங்க ஜாஸ்தி," என்றார் நெவில்.

ராய் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கும்வரை ஜானிஸ் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தேய்க்கவும் இல்லை, தட்டவும் இல்லை. சும்மா வைத்திருந்தாள்.

மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நெவில் மண்டி போட்டு, ரப்பர் குழாயை மாட்டி, கண்ணாடிக் குழலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். எங்காவது கசிந்தால் தண்ணீர் இறங்கும். இரண்டு நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இறங்கு, கொஞ்சம் இறங்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டார். ஒரு வார காலம் உதிரிபாகம் கிடைக்காத ஒரு பழுது வேண்டும், ஆனால் ஆளைக் கொல்லாத பழுதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பழுதை அவர் இதுவரை எந்த வீட்டிலும் ஆசைப்பட்டுத் தேடினதில்லை. தண்ணீர் ஒரு மயிரிழை அசையவில்லை.

கணப்புக்கு மேலே சுவரில் காற்றுவாரி, வெளிக்காற்று உள்ளே வருவதற்கான சல்லடைத் துளை. இந்த ஊரில் பத்து வீட்டில் ஏழில் அதைப் பழைய காலுறையாலோ செய்தித்தாளாலோ அடைத்து வைத்திருப்பார்கள். குளிர்காற்று நேரே கழுத்தில் அடிக்குமே, என்ன செய்வார்கள்? அடைத்தால் கணப்பின் புகை உள்ளேயே தங்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வருஷம் மறுபடியும் காலுறை இருக்கும். இங்கே அது சுத்தமாகத் திறந்திருந்தது. தூசிகூட இல்லை.

"அடைக்கவே மாட்டேன்," என்றாள் ஜானிஸ். "முந்தி வந்த கேஸ்காரர் சொன்னாரு, இத அடச்சா உங்க வீட்டுக்காரரப் பெட்டியில வெச்சு அடைக்க வேண்டியதுதான்னு. வாராவாரம் பழைய பல் பிரஷ் வெச்சுத் தேச்சு விடுவேன்."

"காத்து என் காத அறுத்தாலும் பரவால்ல," என்றார் ராய். "பல் பிரஷ்தான் முக்கியம் இவளுக்கு."

"நீ பேசாத. உனக்கு எந்த வாசனயும் தெரியாது. நாந்தான் பாக்கணும்."

நெவில் புகைக்குச்சியைப் பற்றவைத்துக் கணப்பின் முன்னால் பிடித்தார். வெள்ளைப் புகை வளைந்து, புகைபோக்கிக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு இழைகூட வெளியே திரும்பவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பாய்லர் பின்பக்கச் சமையலறையில், ஒரு அலமாரிக்குள். அதைச் சுற்றித் துடைப்பம், வாளி, பழைய கோட்டு எதையாவது திணித்து வைத்திருப்பது வழக்கம். இங்கே அலமாரி காலியாக இருந்தது, அடியில் தரை துடைத்திருந்தது. மூடியைக் கழற்றினார். பதினெட்டு வருஷத்துப் பழைய பாய்லர். நீலச் சுடர், ஒரு சீராக எரிந்துகொண்டிருந்தது. புகையை அளக்கிற கருவியின் மூக்கைப் புகைக்குழாயில் விட்டுக் காத்திருந்தார்.

ஜானிஸ் டீ போட்டுக்கொண்டே பேசினாள். "போன குளிர்காலம் மேத்தெருவுல ஒருத்தர் நாற்காலியிலயே போயிட்டாரு. தெரியுமா உங்களுக்கு? பாய்லர் காத்து. வாசனயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, தூக்கம் வர்ற மாதிரி வந்து அப்படியே போயிடுமாம். அன்னிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. ரெண்டு மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம் எழுந்து இந்தாளு மூக்குகிட்ட கைய வெச்சுப் பாப்பேன். ஆபீஸுக்கு எத்தன லெட்டர் எழுதினேன் தெரியுமா? பதினோரு லெட்டர். ஷெல்லிப் பொண்ணு நல்ல மாதிரி, ஆனா ஓனர் கேக்கணுமே."

கருவியில் எண்கள் ஓடி நின்றன. நெவில் மறுபடியும் பார்த்தார். புதுப் பாய்லரில் வருகிற அளவு.

"என்ன சொல்லுது?"

"நல்லா இருக்கு," என்றார். வேறென்ன சொல்வது? "மாடு மாதிரி உழைக்குது. ஆபத்து ஒண்ணும் இல்ல."

ஜானிஸ் டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. "இன்னிக்குத் தூங்கலாம்," என்றாள். "கடவுளே, இன்னிக்குத் தூங்கலாம்."

நெவில் டீயை வாங்கிக்கொண்டார். கூடவே தட்டில் வெண்ணெய் தடவின இஞ்சிக் கேக் துண்டு. அவள் சுட்டது. வாயில் போட்டதும் நன்றாக இருந்தது, அதனால் மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இப்போது சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். ஆபத்து என்று எழுதி, கேஸை மூடி, சீட்டை ஒட்டிவிட்டால் பேப்பர் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. முன்னறையில் ராய் மறுபடியும் இருமுவது கேட்டது. கேஸை மூடினால் இந்த வீட்டில் இன்று ராத்திரி எவ்வளவு குளிரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும் என்றும் ஏறக்குறைய தெரியும். அப்புறம் ஷெல்லி வேறொரு ஆளை அனுப்புவாள், அவன் பத்து நிமிஷத்தில் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேப்பர் எழுதிக் கொடுப்பான். நெவிலின் லைசென்ஸ் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர்கள்தான் அடிபடுவார்கள்.

"ஜானிஸ்," என்றார். "ஓனர் வீட்ட விக்கப் போறாருன்னு எதாவது... பேச்சு வந்துச்சா?"

"அட, அதெல்லாம் போன வருஷம் பேச்சு. இப்பத்தான் நிம்மதி."

"இப்ப எப்படி?"

"உங்கள அனுப்பிட்டாங்களே!" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "விக்கிற வீட்டுக்கு எவனாவது செலவு பண்ணி கேஸ் செக் பண்ணுவானா? நம்மள வெச்சுக்கப் போறாங்க, அதான் ஆள் வருது. நேத்து ராய்கிட்ட அதத்தான் சொன்னேன். பதினாலு வருஷமா இருக்கோம், ஒரு மாசம் வாடக பாக்கி வெச்சதில்ல, அவங்களுக்கும் மனசாட்சி இருக்கும்ல. இந்தாளால இனிமே மாடி ஏற முடியாது. முன்னறயிலயே கட்டிலப் போடலாம்னு இருக்கேன். பாருங்க, பெயின்ட்டுக்கு அட்டகூட வாங்கிட்டு வந்துட்டேன்."

ஜன்னல் திண்டிலிருந்து நீளமான வண்ண அட்டையை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். எல்லாம் மஞ்சள். ஏழு தினுசு மஞ்சள். ஒன்றின் ஓரத்தை மடித்து வைத்திருந்தாள்.

"இது நல்லாருக்கா? வெளிய ஒரே சாம்பலா இருக்கு, உள்ளயாவது வெயில் மாதிரி இருக்கட்டுமேன்னு."

"நல்லாருக்கு. ஆனா... உடனே வாங்கிடாதீங்க."

"ஏன்?"

சொல்லிவிட வேண்டும். இரண்டு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே போன வருஷம் கேரி என்கிற கேஸ்காரர் ஒரு வீட்டில் இப்படி வாய்விட்டதும், மறுநாளிலிருந்து அவருக்கு அந்த ஆபீஸ் ஃபோனே வராததும் ஞாபகம் வந்தன. இவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நோட்டீஸ் வரத்தான் போகிறது. இவள் ஒரு மணி நேரம் முன்னதாக அழுவாள், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் எவ்வளவு கேவலமானது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஜனவரி முடிஞ்சா பெயின்ட் வெல எறங்கும்," என்றார்.

"அட, ஆமாம்ல!" என்றாள் ஜானிஸ். "ராய், கேட்டியா? கேஸ்காரர் பெயின்ட்டும் தெரிஞ்சு வெச்சிருக்காரு!"

"அவர் வேனத் தொடைக்கச் சொல்லு மொதல்ல," என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "அழுக்குக்கு அடியில அதுவும் மஞ்சளாத்தான் இருக்கும்போல."

டேப்லெட்டை நீட்டினார் நெவில். சோதனை நடந்தது, பேப்பரின் நகலைப் பெற்றுக்கொண்டேன் என்று குடியிருப்பவர் திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும்.

"நகல் எங்க?"

"உங்க ஃபோனுக்கு இப்பவே வந்துடும்."

"என் ஃபோன்ல அதெல்லாம் வராது கண்ணு, பட்டன் ஃபோன். தாள்ல கெடைக்காதா? சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டணும்போல இருக்கு."

நெவில் வேனுக்குப் போய்ச் சின்ன அச்சு இயந்திரத்தில் ஒரு நகலை எடுத்து வந்தார். பாதியில் மை தீர்ந்து, அடிப்பாதி வெளுத்துப்போயிருந்தது. "நல்ல காப்பி ஒண்ணு ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்குங்க," என்றார். ஜானிஸ் அந்த வெளுத்த தாளையே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு திரையில், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, முழுப்பெயரையும் நிதானமாக எழுதினாள்.

புறப்படும்போது பேனாவை எடுத்து, அவளுடைய பால்காரர் சீட்டின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். வீடு போகிற நிலையில் இருப்பவர்களுக்கு யோசனை சொல்கிற நகராட்சி நம்பர் அது.

"கேஸ் கசிஞ்சா கூப்பிடறதா?"

"எது ஆனாலும் கூப்பிடுங்க. தள்ளிப் போடாதீங்க. சிக்கல்னு தெரிஞ்ச அன்னிக்கே கூப்பிடணும்."

"எவ்ளோ நல்ல மனுஷன் நீங்க," என்றாள் ஜானிஸ்.

வேனில் ஏறி உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். 'ஆபீஸுக்கு அனுப்பு' என்கிற பட்டனுக்கு மேலே கட்டைவிரல் நின்றது. இன்னும் ஏழு வீடு பாக்கி. ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழவர் கடந்து போனார். நாய் வேன் சக்கரத்தை மோந்து பார்த்தது. நெவில் அழுத்தினார். ஷெல்லியிடமிருந்து உடனே பதில் வந்தது: நன்றி கண்ணு, பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், இப்பவே போயிடறேன்.

சாவியைத் திருப்பியிருக்கலாம். திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். அஞ்சு நிமிஷத்தில் ஷெல்லியின் சின்னக் கார் தெரு முனையில் திரும்பி வந்து முப்பத்தொன்றாம் நம்பருக்கு முன்னால் நின்றது. அவள் இறங்கி, வேனைப் பார்த்துக் கையசைத்து, நீள வெள்ளைக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

நெவில் வேன் கதவைத் திறந்து ஒரு காலை ரோட்டில் வைத்தார். மற்ற கால் வரவில்லை.

"அட, ஷெல்லிக் கண்ணு!" என்றது ஜானிஸின் குரல். "உள்ள வா, வெளிய நிக்காத. வீடு எப்படிக் கதகதன்னு இருக்கு பாரு. எல்லாம் நல்லா இருக்காம், உங்க ஆளு சொல்லிட்டாரு."

"இல்லங்க, அவசரமாப் போகணும். இதக் கையில குடுத்துட்டுப் போலாம்னுதான்." ஷெல்லி கவரை நீட்டினாள். அவள் கண் ஜானிஸின் முகத்தில் இல்லை, கவரில் இருந்தது. "குடுத்தேன்னு ஆபீஸுக்கு ஒரு போட்டோ வேணும். சும்மா, ஒரு நிமிஷம்."

"இவ்ளோ சீக்கிரமாவா! இரு, இரு." ஜானிஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டாள். "ராய்! கேஸ் பேப்பர் நல்ல காப்பி வந்துடுச்சு. எழுந்து வா, போட்டோ எடுக்கறாங்க!"

ராய் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து, மூச்சு நிதானப்படும்வரை நின்று, அவள் பக்கத்தில் நிமிர்ந்தார். கம்பளியை ஜானிஸ் தோளில் சரி செய்துவிட்டாள். கவரை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராயும் சிரித்தார்.

ஷெல்லி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க கண்ணு," என்றாள். "பேரும் விலாசமும் தெளிவாத் தெரியணும்."

ஜானிஸ் கவரை முகவாய்க்கு நேராகத் தூக்கினாள்.